மரவள்ளித் துண்டில் படித்த ஆங்கிலம்

ஒன்றும் போடாத கல்லுரலில் உலக்கை விழும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். ஜப்பான்காரர் காலத்தில், மலாக்காவின் காஜா பேராங்கில், நாங்கள் 'மாக்சிக்' என்று மலாயில் கூப்பிடும் பக்கத்து வீட்டுச் செட்டி அத்தை தினமும் சாயங்காலம் அப்படித்தான் வெறும் 'லெசோங்'கை இடித்துக்கொண்டிருப்பார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி என்பதால் அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் என் அம்மா ஆங்கிலம் படிக்கிறார் என்பதும், அது தெருவில் கேட்டால் என்ன ஆகும் என்பதும் நன்றாகத் தெரியும். உலக்கை நின்றால் நாங்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யாரோ வருகிறார்கள் என்று பொருள்.

அப்பாவைப் பிடித்துப்போனது பட்டப்பகலில். தெங்கேராவில் லாரிப் பட்டறைக்குப் போனவரை வழியிலேயே மடக்கி, சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கூட வேலை செய்தவர் வந்து சொன்னார். அம்மா மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். நான்காம் நாள் எழுந்து, ஒன்பது வயதுப் பெண்ணான என்னை எதிரில் உட்காரவைத்தார்.

"வெள்ளக்காரன் திரும்பி வருவான். எம் புருசன் எங்கன்னு நானே கேக்கணும். எழுத்து வேலை பாக்குற கிராணிங்க வாயால கேட்டா பாதிதான் போய்ச் சேரும். நீ படிச்ச இங்கிலீஷ எனக்குச் சொல்லிக் குடு."

நான் படித்ததோ இரண்டே வருடம். அதற்குள் பள்ளிக்கூடம் ஜப்பான் மொழியான 'நிப்பொங்கோ'வுக்கு மாறிவிட்டது. ஆனாலும் பெற்ற தாயை அதட்டும் வாய்ப்பு எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்? முறத்தில் மூன்று மரவள்ளித் துண்டுகளை வரிசையாக வைத்து, முதல் துண்டு ஆள், இரண்டாவது அவன் செய்யும் காரியம், மீதியெல்லாம் மூன்றாவது என்று அதிகாரமாகச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா தமிழ் வாக்கில் 'ஐ ரைஸ் ஈட்' என்பார். நான் துண்டுகளை இடம் மாற்றி 'ஐ ஈட் ரைஸ்' என்பேன்.

"சோத்தக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே தின்னுடுறானா?" என்று அம்மா சிரிப்பார். அரிசியைக் கண்டே மாதக்கணக்கான நாட்கள் அவை.

பிறகு "வால் வச்ச சொல்லு". அம்மா வைத்த பெயர் அது. 'டேக்' என்றால் எடு, 'டேக் அவே' என்றால் கொண்டுபோய்விடு; 'லுக்' என்றால் பார், 'லுக் ஃபார்' என்றால் தேடு; 'கம் பேக்' என்றால் திரும்பி வா. எனக்கு அலுத்துப்போய் விளையாட ஓடிவிடுவேன். அம்மாவுக்கு அலுக்கவே இல்லை. கிழங்கு சீவும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

ஜப்பான்காரர் தோற்று, வெள்ளைக்காரர் திரும்பி வந்ததும், சயாமுக்குப் போனவர்களைப் பற்றி விசாரிக்க நகரத்தில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். வரிசையில் முக்கால்வாசி ரப்பர் தோட்டத்துப் பெண்கள். கிராணி "புருசன் பேரு?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். கட்டியவன் பெயரைப் பெண் வாயால் சொல்லக்கூடாத காலம். அவர் எரிச்சலோடு ஒதுங்கச் சொல்லுவார். அம்மா அவரைத் தாண்டி அதிகாரியின் மேசைக்கே போய்விட்டார்.

'தே டுக் அவே மை ஹஸ்பண்ட். ஐ லுக் ஃபார் ஹிம்' என்றார். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னார். அம்மா வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அதிகாரி எழுந்து நின்றார். உயிரோடு திரும்பியவர்கள் சொல்லி எழுதிய இறந்தவர் பட்டியலை வெகுநேரம் புரட்டினார். 'ஹி வில் நாட் கம் பேக்' என்றார் மெதுவாக. கிராணி தமிழில் சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

நான் அழுதுகொண்டே முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மா நகரவில்லை. வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்து, "வாங்கக்கா. பேரு சொல்ல வேணாம், எந்தச் சாமி பேருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"பழனியில இருக்குற சாமி..." என்றார் அந்த அக்கா.

அம்மா அதிகாரியிடம் திரும்பி, 'ஷி லுக் ஃபார் ஹெர் ஹஸ்பண்ட்' என்று சொல்லி, அந்தப் பெயரையும் தாமே சொன்னார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். அலுவலகம் மூடும்வரை நின்று கேட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதார்.

எங்கள் வீடு இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. அந்த வரிசையில் நின்ற பெண்களில் ஒருவரும் இல்லை. கணவன் பெயரைச் சொல்லக் கூசும் பெண்களும் இல்லை. என் பேத்தி அவள் வீட்டுக்காரனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவும் அதட்டி. முப்பது வயதாகிறது, எனக்கு அவள் இன்னும் சின்னப் பிள்ளைதான். அந்த மேசையருகே நின்றபோது அம்மாவுக்கு வயது இருபத்தெட்டு.