முங்கக் கூடாத கடல்

என் கணவருக்குத் தீவுக்கு மாற்றல் வந்தபோது சேரன்மகாதேவியில் எங்கள் தெருவே பொறாமைப்பட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீலக் கடலும் பவளப்பாறையும் முதுகில் சிலிண்டர் கட்டி மீன்களோடு நீந்தும் பெண்களும் படம் படமாக வந்து விழுந்தார்கள். "மைனி, நீங்க குடுத்து வச்சவுக. நாங்க இங்கன கெடந்து வேவுதோம்" என்றாள் நாத்தனார். நானும் வெட்கமில்லாமல் அதை நம்பினேன். ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகளைப் பாளையங்கோட்டை விடுதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன்.

அது படைக்காரர்களின் தீவு. என் கணவர் படைக்காரர் அல்ல, அவர்களுடைய ஸ்டோரில் போர்வையும் பூட்டும் வாளியும் எண்ணுகிற குமாஸ்தா. சீருடை கிடையாது. பயம் மட்டும் சீருடைக்காரர்களைவிட அதிகம். கப்பல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். அதில் வருகிற தக்காளியில் பாதி வழியிலேயே அழுகியிருக்கும், மீதியை அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸுக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு வந்து சேர்வது பூசணிக்காய். மூன்று வருடம் பூசணிக்காய் தின்றவளுக்கு யாரும் இயற்கை அழகைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

வீட்டு வாசலில் இருந்து இருபது எட்டு வைத்தால் கடல். கரையில் ஒரு பலகை. முங்கக் கூடாது, சிலிண்டர் வைத்திருக்கக் கூடாது, நீருக்கடியில் படம் எடுக்கக் கூடாது, மீறினால் தண்டனை. இரண்டு மொழிகளில் எழுதியிருந்தது, இரண்டும் என் மொழி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை நடுவார்கள். அந்தத் தீவில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அதுதான்.

நான் ஆற்றில் வளர்ந்தவள். பாலத்துக்குக் கீழே ஆழமான இடத்தில் முங்கி, அடிமணலை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வருவதுதான் எங்கள் தெருப் பிள்ளைகளின் பந்தயம். வெறுங்கையோடு மேலே வந்தால் தோல்வி. நாற்பது வயது தாண்டியும் அந்தப் புத்தி போகவில்லை. தண்ணீரில் இறங்கினால் அடியைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு இறங்கியது போல இருக்கும். அப்படிப்பட்டவளைக் கடலுக்கு எதிரே உட்காரவைத்து, பார்க்காதே என்றால் வயிறு எரியாதா?

முறைப்படி விண்ணப்பம் போட்டேன். மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். வாங்கினேன். நீச்சல் தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். எங்கே கற்றாய் என்ற இடத்தில் தாமிரபரணி என்று எழுதினேன். அலுவலகத்தில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனமா என்று கேட்டார். இல்லை, அது மலையிலிருந்து வருகிறது என்றேன். அந்த விண்ணப்பம் அத்தோடு போயிற்று. அடுத்ததில், முங்குவதன் நோக்கம் என்ற இடத்தில் "பார்க்க" என்று எழுதியிருந்தேன். பணி, பயிற்சி, விருந்தினர் உபசரிப்பு ஆகிய மூன்றுதான் நோக்கமாக இருக்கலாம், பார்ப்பது பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விருந்தினரையும் கண்ணால் கண்டேன். தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மனைவியோடு வந்தார். அதுவரை பூட்டிய அறையில் கிடந்த சிலிண்டர்கள் துடைத்த குத்துவிளக்காகக் கரைக்கு வந்தன. தென்னாட்டுச் சாப்பாடு வேண்டுமென்று என்னைச் சமைக்கச் சொன்னார்கள். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தேன். அந்த அம்மாள் அரை மணி நேரம் முங்கி எழுந்து வந்து, சொதியைச் சாம்பார் என்று பாராட்டிவிட்டு, கடலுக்குள் எப்படி இருந்தது என்பதையும் சொன்னாள். கம்ப்யூட்டர் திரையில் வருகிற படம் போலவே இருந்ததாம். அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் கப்பலேறி வருவானேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தீவில் எனக்கு ஊர்ப் பேச்சுத் துணை ஒருவர்தான். புன்னக்காயல்காரர், அங்கே சரக்குப் படகு ஓட்டினார். அவரிடம் புலம்பித் தீர்த்தேன்.

"இதுக்குப் போயி சிலிண்டரு எதுக்குக்கா? ஒரு வாளிய எடுங்க. அடிய அறுத்துட்டு கண்ணாடிய ஒட்டுங்க. தண்ணிமேல வச்சு உள்ள பாத்தா அடி அப்பிடியே தெரியும். தலைமுடி நனையாது" என்றார்.

"புடிச்சா?"

"முங்குனாத்தானக்கா புடிப்பான்? நீங்க நின்னுக்கிட்டுல்லா பாக்குதீய."

அங்கே இருந்த அத்தனை அதிகாரிகளின் மூளையையும் சேர்த்தாலும் இந்த ஒரு வாளிக்கு வராது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "மெஸ்ஸுக்குப் பின்னால மட்டும் போவாதீய. அங்கன ஒண்ணுமில்ல, கலங்கலா கெடக்கும்" என்றார்.

வீட்டில் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் கணவர் பத்து வருடம் பிழையில்லாமல் வாளி எண்ணியதற்காக அவருக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தின் சட்டத்தில் இருந்த கண்ணாடி. பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு அதைக் கழற்றினேன். சிவப்பு பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, குழாய் அடைக்கிற பசையால் ஒட்டினேன். அடுத்த நாள் மத்தியானம், எல்லோரும் தின்றுவிட்டுத் தூங்குகிற நேரம், காவல்காரன் தலைகாட்டாத ஒரே கரைக்குப் போனேன். அது மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த கரை. போகாதே என்று ஒருவர் சொன்ன இடத்துக்குத்தான் என் கால் போகும்.

இடுப்பளவு தண்ணீரில் வாளியை வைத்துக் குனிந்தேன். முதலில் வெள்ளை மணல். அப்புறம் கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பவளம், நடுவே விரல் நீள மஞ்சள் மீன்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். இன்னும் பத்து எட்டு வைத்தேன். அங்கே பவளம் முடிந்து டப்பாக்கள் தொடங்கின. எண்ணெய் டப்பா, பெயிண்ட் டப்பா, கால் ஒடிந்த நாற்காலிகள், டியூப் லைட்டுகள், லாரி பேட்டரிகள், ஒரு கழிப்பறைப் பீங்கான். மூட்டை மூட்டையாக மெஸ்ஸின் பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மல்லாந்த வாக்கில் அந்தப் பலகைகள். பழையது, அதற்கும் பழையது, ஏழெட்டு இருக்கும். முங்கக் கூடாது என்ற எழுத்தின் மேல் ஒரு மீன் ஊர்ந்துகொண்டிருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதுதான் காட்டிக்கொடுத்தது. கரையில் விசில் சத்தம் கேட்டது.

வாளியைப் பறிமுதல் செய்து ரசீது கொடுத்தார்கள். 'நீரடிக் கண்காணிப்புக் கருவி, ஒன்று, சிவப்பு நிறம்.' அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் கண்ணாடி இல்லாத சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மாத்தல் ஆர்டரு தீவு ஆபீசரு மேசையிலதான கெடக்கு? ஒரு கையெழுத்துதான் பாக்கி. பிள்ள பிளஸ் டூ வந்துட்டா. மூணு வருசமா ஒத்தையில கெடக்கா. நீ வாளியத் தூக்கிட்டு என்னத்தப் பாக்கப் போன?"

நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"இத அங்க சொல்லிராத, தாயி" என்றார். என்னை அவர் தாயி என்று கூப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் தீவின் பொறுப்பு அதிகாரி என்னை உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். என்ன பார்த்தேன் என்று எழுதித் தர வேண்டும். அவர் குரலில் அதட்டல் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஸ்ஸின் பின்பக்கம் அவருடைய பொறுப்பு என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மாற்றல் காகிதம் அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது. எங்கள் பெயர் தெரிகிற மாதிரியே வைத்திருந்தார்.

நான் டப்பாவிலிருந்து தொடங்கிக் கழிப்பறைப் பீங்கான் வரை வரிசையாக எழுதியிருக்க வேண்டும். விடுதியில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது மகள் போனில் அழுதது காதில் கேட்டது. எழுதினேன்: 'ஒன்றும் பார்க்கவில்லை. தண்ணீர் கலங்கலாக இருந்தது.' அவர் படித்தார், தலையை ஆட்டினார், என் கண் முன்னாலேயே மாற்றலில் கையெழுத்துப் போட்டார்.

கப்பல் ஏறும்போது புன்னக்காயல்காரர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். "பாத்துட்டீய, என்ன?" என்றார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். "நாங்கதாங்க்கா கொண்டு கொட்டுதோம். சொன்ன வேலையச் செய்யணும்லா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்தவளுக்கு ஏது வாய்.

ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாண வீடுகளில் யாராவது தீவைப் பற்றிக் கேட்டால், படைக்காரர்களின் வண்டவாளத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். வாளிக்கதையும் ரசீதும் எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். எழுதிக் கொடுத்ததை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

போன மாதம் மாமியாருக்கு வருடத் திதி வந்தது. சேரன்மகாதேவி ஆற்றில் காரியம் முடித்து, மகன்கள் கட்டியிருந்த வேட்டியை ஆற்றோடு விட்டார்கள். வழக்கம்தான். எல்லோரும் படிக்கட்டில் நிற்க, நான் குளிக்க இறங்கினேன். பழைய புத்தி, முங்கி அடியைத் தொடப் போனேன். மணல் கையில் படவில்லை. துணி பட்டது. அதற்குக் கீழே துணி, அதற்கும் கீழே துணி, வழவழவென்று பாசி பிடித்து அடுக்கடுக்காகக் கிடந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், பாதிதான் வந்தது. மேலே வந்து தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன். கிளிப்பச்சை உடம்பு, அரக்கு பார்டர், முந்தியில் நான் தைத்துக் கொடுத்த குஞ்சம். மாமியார் கடைசியாகக் கட்டியிருந்த சேலை. போன வருடம் இதே படியில் நின்று, என் கையால் நான்தான் விட்டேன். நைலக்ஸ். ஒரு நூல் இற்றுப்போகவில்லை.

இங்கே பலகை கிடையாது, விசில் கிடையாது. யார் வேண்டுமானாலும் முங்கலாம்.

"மைனி, என்ன அங்கனயே நின்னுட்டீய? அடியில என்னமும் கெடக்கா?" என்று படியிலிருந்து நாத்தனார் கேட்டாள். அவளுடைய அம்மாவின் சேலை என் கையில் இருந்தது.

சேலையைக் காலால் அழுத்தி உள்ளே தள்ளினேன்.

"ஒண்ணுமில்ல. கலங்கலா கெடக்கு" என்றேன்.