பக்கத்து அறைக்குப் போன் போட்டுக் கொடுத்தவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷத்தை ஓட்டிவிட்டேன். போன் போர்டில் உட்கார்ந்தவள் காதில் விழுந்ததை வெளியே விடக்கூடாது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே மானேஜர் சொன்னது அதுதான். சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பமும் இன்றைக்கும் கருமத்தம்பட்டிப் பக்கம்தான் இருக்கிறார்கள். கோயிலில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா அம்மணி?" என்று கேட்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு வந்தால் எழுதக் கை வராது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூப் போட்டுக் கேட்டபோதெல்லாம் சிவப்புப் பூவே வந்தது. வேண்டாம் என்று அர்த்தம். போன தை மாசம் வெள்ளைப் பூ வந்தது. அம்மன் சரி என்று சொன்ன பிறகு எழுதாமல் இருப்பதும் தப்பு. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். முன் கட்டடத்தில், வாசலைப் பார்த்த மாதிரி என் போர்டு. அதே காம்பவுண்டில் பின்னால் இருந்த, இரும்பை உருக்கி ஊற்றுகிற பவுண்டரியில் என் வீட்டுக்காரர் மோல்டர், மண்ணில் அச்சுப் பிடிக்கிற வேலை. காலையில் ஒரே சைக்கிளில் வருவோம், சாயங்காலம் ஒரே சைக்கிளில் போவோம். எங்கள் இரண்டு பேர் சோறும் அந்த ஒரு கம்பெனியில்தான் இருந்தது.

முதலாளிகள் அண்ணன் தம்பி. அண்ணன் பவுண்டரியையும் மெஷின் ஷாப்பையும் பார்த்தார். தம்பி விற்பனை, சர்வீஸ், ஆர்.எஸ்.புரத்தில் இருந்த ஷோரூம் எல்லாம் பார்த்தார். இரண்டு பேர் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குத் தம்பி வீட்டுக்கு நேரில் போய் அழைக்காமல், மானேஜரிடம் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. பேசாமல் இருந்தார்களே தவிர, மரியாதை குறையவில்லை. தொழிலும் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் பேசாமல் இருப்பதற்கும் ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு ஆளை வைத்துச் சொல்லி அனுப்புவார்கள். அந்த ஆள் நானாகிப் போனேன்.

"அம்மணி, பக்கத்து ரூம்ல கேட்டுச் சொல்லுங்க, தாராபுரம் லாரி எப்பக் கிளம்புதுன்னு."

அண்ணன் பேசுவது சுவரைத் தாண்டித் தம்பிக்கும் கேட்கும். இருந்தாலும் நான் போன் போட்டுச் சொல்லும்வரை தம்பி வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு நாள் அண்ணன் சத்தமாகவே சொன்னார். "அந்த ஆளுக்கு ஆர்டர் எடுக்கத்தான் தெரியும். ஊத்தறவன் கஷ்டம் தெரியுமான்னு கேளுங்க."

நான் தம்பிக்குப் போட்டு, "அண்ணன் இன்னும் கொஞ்சம் டைம் வேணும்ங்கறாங்கங்க," என்றேன்.

தம்பி சிரித்துவிட்டார். "அப்படியாங்க சொன்னாரு? எனக்குக் காது நல்லாத்தானுங்க இருக்குது. செரி, எடுத்துக்கச் சொல்லிப்போடுங்க."

விஷயம் சிக்கலாகி என் வாயில் அடங்காமல் போகும் நாளும் உண்டு. அப்போது, "எனக்குச் சொல்லத் தெரியலீங்க, லைன்ல தரட்டுங்களா?" என்று கேட்பேன். அப்புறம், "ம், குடுங்க." பேசினால் வார்ப்படம், லாரி, மின்வெட்டு, அவ்வளவுதான். ஒரு தடவை நான் லைனை விடுவதற்குள் அண்ணன், "சக்கரைக்கு மாத்திரை ஒழுங்காப் போடறயா?" என்று கேட்டது காதில் விழுந்தது. தம்பி, "போடறேன்," என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். இவர்கள் முழுசாகப் பேசிவிட்டால் மருதமலை அடிவாரத்திலிருந்து பால்குடம் எடுத்துப் படியேறி வருகிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். கம்பெனி இரண்டாகிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அங்கே எல்லோருக்கும் இருந்தது. எங்களுக்கு இன்னும் அதிகம்.

இதற்கு நடுவில் செக்‌ஷன் செக்‌ஷனாகக் கம்ப்யூட்டர் வந்தது. ஸ்டோர்ஸ் ஒரு கடையில் வாங்கினது, விற்பனை வேறொரு கடையில், அக்கவுண்ட்ஸ் எங்கேயோ மெட்ராஸில். ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாது. ஒரே பம்புக்கு ஸ்டோர்ஸில் ஒரு நம்பர், சர்வீஸில் வேறு நம்பர். டீலர் ஒருவர், "பம்பு இருக்குதா?" என்று கேட்டால் நான் நாலு இடத்துக்குப் போட்டுக் கொடுப்பேன். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள்.

இதைச் சரி செய்யத்தான் ஒரு பையன் வந்தார். பையன் என்று சொல்லக்கூடாது, படித்த இன்ஜினியர். பொள்ளாச்சிப் பக்கம், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லோரும் கம்ப்யூட்டர் சார் என்றோம். என்னை அக்கா என்பார். எல்லாக் கம்ப்யூட்டரையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே பெரிய சாப்ட்வேராக வாங்கிவிடலாம் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். இவர் வேண்டாம் என்றார். என் போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் யாரை என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல பாக்கறதுக்கு என்னங்க சார் இருக்குது? நானே சலிச்சுப் போய் உக்காந்திருக்கறேன்," என்றேன்.

"அக்கா, ஸ்டோர்ஸ்காரர் பம்பை எந்த ராக்குல வெச்சிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெதுக்குங்க அது? இருக்கா இல்லையான்னு சொன்னாப் போதும்."

"அதேதானுங்க. அவுங்கவுங்க செக்‌ஷன்ல எப்படி வேணா வேலை செஞ்சுக்கட்டும். வெளியே இருந்து கேக்கற கேள்விக்கு மட்டும் ஒரே மாதிரி பதில் சொல்லோணும். நடுவுல ஒரு மிஷின் கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டாரும்."

"அப்ப எனக்கு வேலை?"

"நீங்க வர்றவிகளுக்கு வணக்கம் சொல்லுங்க," என்று சிரித்தார்.

அப்படியே செய்தார். 'இந்த மாடல் பம்பு இருக்கிறதா' என்ற கேள்விக்கு ஸ்டோர்ஸ் பதில் சொல்லவேண்டும். 'இந்த வார்ப்படம் எப்போது ஆகும்' என்பதற்குப் பவுண்டரி. 'இந்த டீலருக்கு அனுப்பலாமா' என்பதற்கு அக்கவுண்ட்ஸ். 'இந்த மோட்டாரில் முன்னே என்ன ரிப்பேர்' என்பதற்குச் சர்வீஸ். ஒவ்வொரு செக்‌ஷனும் மற்றவர்களுக்குச் செய்கிற சேவை இது இது என்று வகுத்து வைத்தார். பழைய கம்ப்யூட்டர் எதையும் தூக்கிப் போடவில்லை.

அதனால் வந்த நன்மையை நான் மறைக்க மாட்டேன். அடுத்த கோடையில் காங்கேயத்திலிருந்து ஒரு விவசாயி போன் பண்ணினார். "ஏனுங்க அம்மணி, மோட்டார் கருகிப் போச்சுங்க. வாழை காயுதுங்க, எதாச்சும் பண்ணுங்க." முன்பென்றால் அவரை லைனில் நிறுத்திவிட்டு நான் செக்‌ஷன் செக்‌ஷனாக அலைந்திருப்பேன். அன்றைக்குச் சர்வீஸில் இருந்தவர் கம்ப்யூட்டரில் கேட்டார். மாடல், பம்பு இருப்பு, லாரி எல்லாம் வரிசையாக வந்தது. பொழுது சாயும் முன்னே மாற்று மோட்டார் அவர் தோட்டத்துக்குப் போய்விட்டது. மறுவாரம் அந்தப் பெரியவர் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து போர்டுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அந்த சீசனில் விற்பனை நன்றாக ஏறியது. அண்ணன் முதலாளியே, "பையன் கெட்டிக்காரன்," என்று வாய்விட்டுச் சொன்னார்.

என் போர்டு மட்டும் அமைதியாகிவிட்டது. பக்கத்து அறையில் லாரி எப்போது என்று கேட்க யாருக்கும் நான் வேண்டியிருக்கவில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கந்த சஷ்டிக் கவசம் முழுசாகச் சொல்ல நேரம் கிடைத்தது. அப்புறம் ஒரு நாள் யோசித்தேன். இவர்கள் இரண்டு பேரும் லைனில் வந்து எத்தனை நாளாகிறது? எனக்கு ஞாபகமே வரவில்லை. சிக்கலே இல்லாமல் போனதால் பேச வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிருந்தது.

இதைக் கம்ப்யூட்டர் சாரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப் போயிற்று. "நான் நினைச்சது வேறங்க அக்கா. கணக்குல, லாரில சண்டை வராம இருந்தா, மனசுல இருக்கறதும் தானா ஆறிரும்னு நினைச்சேன்."

அதற்கப்புறம் வைண்டிங் செக்‌ஷனை மூடினார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிற இடம். பெண்கள்தான் அதிகம். அந்த வேலையைக் கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்கள். பட்டறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, அதே கேள்விக்கு அதே மாதிரி பதில் சொல்லச் செய்தார்கள். உள்ளே மற்ற செக்‌ஷன் எதற்கும் எதுவும் மாறவில்லை. வைண்டிங் வெளியே போனதே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, மத்தியானம் என்னோடு சாப்பிடும் இரண்டு பெண்கள் வரவில்லை என்பதால்தான்.

தம்பி முதலாளி அதைக் கவனித்துவிட்டார். ஒரு நாள் என் போர்டுக்கு முன்னால் நின்றே கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டார். "வைண்டிங் போனது தெரியவே இல்ல பாத்தீங்களா? அப்படீன்னா பவுண்டரியும் தனிக் கம்பெனியா இருந்தா, நம்ம வேலை ஒண்ணும் நின்னு போகாதல்லங்க?"

கம்ப்யூட்டர் சார் என்னைப் பார்த்தார். நான் முருகா என்று மனசுக்குள் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். அப்புறம், "நிக்காதுங்க," என்றார்.

தம்பி போன பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நிக்கும்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமாங்க அக்கா?"

"சொன்னா மட்டும் எத்தனை நாளைக்குங்க சார்? அவிக பிரியோணும்னு முடிவு பண்ணிப்போட்டாங்க. இத்தனை நாளும் பிரிக்க வழி தெரியாமத்தான் ஒண்ணா இருந்தாங்க."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்ததுதான் அவர்களைக் கட்டி வைத்திருந்தது. கம்ப்யூட்டர் சார் முடிச்சை அவிழ்த்தது கம்பெனி நன்றாக ஓடவேண்டும் என்பதற்காக. அவிழ்ந்த இடத்தில் அறுப்பது சுலபமாகிவிட்டது.

பாகம் பிரிக்கச் சண்டையே வரவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், ஆடிட்டர் வந்தார், பவுண்டரி அண்ணனுக்கு, நான் இருந்த முன் கட்டடம் தம்பிக்கு என்று முடிந்துவிட்டது. இத்தனை சுமுகமாக ஒரு பிரிவினையைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். நல்ல நாள் பார்த்துக் காம்பவுண்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். முதல் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பூஜை போட்டார்கள். மேஸ்திரியிடம் சூப்பர்வைசர், "வயர் போறதுக்கு ஒரு ஓட்டை உட்டுக் கட்டுங்க," என்றார். குழாய் வைத்து வயரை விட்டார்கள். சுவர் எழும்பிய பிறகும் கேள்வி அந்தப் பக்கம் போயிற்று, பதில் இந்தப் பக்கம் வந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கத்து கேட், எனக்கு இந்தப் பக்கத்து கேட் என்றாயிற்று. வேலை முடிகிற நேரமும் மாறிவிட்டது. நான் பஸ்ஸில் வர ஆரம்பித்தேன்.

கொஞ்ச காலம் கழித்து தம்பி கம்பெனி வெளியூரிலிருந்து வார்ப்படம் வாங்கத் தொடங்கியது. அங்கே விலை குறைவு. அதே கேள்வியை அவர்களிடம் கேட்டால் அதே மாதிரி பதில் வந்தது. தொழில் முறையில் இதில் ஒரு குற்றமும் இல்லை. சுவரில் போன அந்த வயரில் கேள்வி போவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. முன்னே மாதிரி இருந்திருந்தால் தம்பி, "இனி உங்ககிட்ட வாங்கலீங்க," என்று அண்ணனிடம் என் மூலமாகவாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கேட்காமல் விடுவதற்கு யாரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பவுண்டரி ஷிப்டு குறைத்து, பிறகு மூடியது. என் வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்காதவர், வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் வரிசையாக அடுக்கி வைப்பார். நான் வேலையிலிருந்து வந்து கழற்றிய செருப்பையும் எடுத்து அந்த வரிசையில் வைப்பார். எனக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி அவர் வேலையை எடுத்த கம்பெனி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கம்ப்யூட்டர் சார் அதற்கு முன்பே பெங்களூருக்குப் போய்விட்டார். போகும்போது, "நான் செஞ்சது நல்ல வேலைதானுங்களே அக்கா?" என்று கேட்டார். "நல்ல வேலைதானுங்க சார்," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அண்ணன் முதலாளி அடுத்த ஆடியில் காலமானார். நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். தம்பி வந்தார். மாலை போட்டார். பந்தலில் ஓரமாக நின்றார். அண்ணன் மகன் கை எட்டுகிற தூரத்தில் இருந்தார். தம்பி தன் டிரைவரைக் கூப்பிட்டு, "எப்ப எடுக்கறாங்கன்னு கேட்டுட்டு வாங்க," என்றார். அண்ணன் மகன் டிரைவரைப் பார்த்து, "மூணு மணிக்குங்க," என்றார். டிரைவர் திரும்பி வந்து, "மூணு மணிக்குங்களாம்," என்றார். தம்பி தலையை ஆட்டினார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

பால்குடம் நான் எடுக்கவில்லை. முருகனிடம் கேட்டது நடக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. வழக்கம்போல விளக்கு வைக்கிறேன்.

சமீபத்தில் உக்கடத்திலிருந்து வரும் பஸ்ஸில் இரண்டு பேர் இந்தக் கதையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுததாக ஒருவர் சொன்னார். கம்ப்யூட்டர்காரன்தான் வேண்டுமென்றே குடும்பத்தைப் பிரித்தான் என்றார் இன்னொருவர். இரண்டும் நடக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் வீட்டில், வேலை செய்கிற இடத்தில் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது அண்ணனைக் கெட்டவர் ஆக்காதீர்கள், தம்பியையும் ஆக்காதீர்கள், அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளை மீதும் பழி போடாதீர்கள். கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கிறது என்று கடைசியில் அவர்களைப் பேச வைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசவில்லை.