பத்திரிகையில் விட்டுப்போன எம்.காம்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டே வெங்கடேஸ்வரி ஆன்லைனில் எம்.காம். படித்தாள். வேலை விட்டு வந்ததும் போனில் வகுப்பு. சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப்போய் நேரடி வகுப்பு. எங்கே நடந்தாலும் சந்தேகம் தீராமல் எந்த வாத்தியாரையும் அவள் விட்டதில்லை. முதல் வகுப்பில் தேறினாள்.

கல்யாணம் நிச்சயமானது. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா விஜயபாண்டி, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது அவள் பெயருக்குப் பின்னால் எம்.காம். என்று எழுதினார். அவளே அதை அடித்துவிட்டு பி.காம். என்று போட்டாள்.

“எந்தக் காலேஜுன்னு மாப்பிள வீட்டு ஆளுக கேப்பாகப்பா. ஆன்லைன்னு சொன்னா, போன நோண்டி வாங்குன பட்டமான்னு சிரிப்பாக.”

“ஏட்டி, நீ படிச்சத இந்தக் கண்ணால பாத்தவன் நான். சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான்.”

அவள் கேட்கவில்லை. பி.காம். என்றே அச்சாகி வந்தது.

மறுவாரம் தேவதானத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை வந்தது. அதில் அவள் பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எம்.காம். என்று இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே, ஆன்லைனில் படித்தது உட்பட எல்லாவற்றையும் அப்பா அவர்களிடம் சொல்லியிருந்தாராம்.

பிரிக்காத தங்கள் பத்திரிகைக் கட்டையே வெங்கடேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பத்திரிகையை ஆண்டாள் சன்னதியில் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.