நாலு நாற்பதுக்குத் திறந்த கதவு

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான். சுதாஜினி பேய் பிசாசு என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஆள். அவளுக்குக் கதை கட்டவும் தெரியாது. இரவில் நடந்திருந்தால் நித்திரைக் கலக்கம் என்று தள்ளிவிடலாம். இது 2001ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வவுனியாவில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் நடந்தது.

கணினியில் வீட்டுப் படம் கீறுவது அவள் தொழில். தாய் அகதி முகாமில், தறப்பாள் கட்டிய ஒரு அறையில் ஆறு வருஷமாகக் கிடந்தாள். சுதாஜினி தொழிலுக்காக டவுனில் கமலாட்சி அன்ரி வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். முகாம் ஆட்களுக்கு நாற்பது வீடு கட்டித்தர ஒரு நிறுவனம் வந்தது. பட்டியலில் பதினேழாவது பெயர் அவள் தாயுடையது. நாற்பதுக்கும் பொதுவான வீட்டு வண்ணப்படம் வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குள் அந்த நிறுவனத்தின் கந்தோருக்கு வரவேண்டும், வராவிட்டால் காசு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். படம் கீறுகிற பொறுப்பு சுதாஜினியின் தலையில்.

அவள் கீறி முடித்துவிட்டாள். ஆனால் ஓட்டுக்கு நிறம், சுவருக்கு நிழல் என்று பூசி அதைப் புகைப்படம்போல ஆக்குவது கணினியின் வேலை. இழவு அங்கேதான். அந்தக் கணினிக்கு அதற்கு ஐந்தரை மணித்தியாலம் வேண்டும். அது மின்வெட்டுக் காலம். பதினொரு மணிக்கு வருகிற கரண்ட் நாலு மணிக்குப் போய்விடும். இரவில் வந்தாலும் வோல்டேஜ் விழுந்து விளக்கே மினுக்கும், கணினி எழும்பவே எழும்பாது. புதன்கிழமை நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்தில் நின்றது. வியாழக்கிழமை தொண்ணூற்றொன்றில் நின்றது. வெண்ணெய் திரளும்போது தாழி ஒருநாள் உடைந்தால் பொறுக்கலாம். தினமும் உடைந்தால் மனுசருக்கு விசர் பிடிக்காதா?

அவளிடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையின் போட்டோக்கொப்பி மூன்று தாள் இருந்தது. போர்டில் இருக்கிற ஜம்பர் என்ற நகமளவு பிளாஸ்டிக்கை இடம் மாற்றிக் குத்தினால் 300 வேகத்தில் ஓடுகிற புரொசசர் 450இல் ஓடும், மெமரியும் கூடவே வேகம் எடுக்கும் என்று போட்டிருந்தது. கணக்குப் பார்த்தாள். மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிஷம் போதும். அதுவரை அவள் கணினியின் மூடியைக்கூடக் கழற்றினதில்லை.

வெள்ளி, காலை 11:05. ஜம்பரை மாற்றிக் குத்தினாள். திரை கறுப்பு. பீ... பீ... பீ... என்று கத்தியது. இரண்டு மெமரித் துண்டுகளில் பழையது அந்த வேகத்தைத் தாங்கவில்லை. அதைக் கழற்றினாள். 11:40க்கு எழும்பியது. 11:52க்கு நீலத்திரை விழுந்து செத்தது. புரொசசரில் விரல் வைத்தாள், சுட்டது. அதற்கும் மேலே இருக்கிற காற்றாடிக் கட்டைக்கும் நடுவில் பூசியிருந்த பசை காய்ந்து பொருக்காய் உதிர்ந்தது. புதுப்பசை பூசு என்று தாள் சொன்னது. வவுனியாவில் அது எந்தக் கடையில்? கணினி உதைத்திருந்தால் அவளும் திருப்பி உதைத்திருப்பாள். அழுகைதான் வந்தது.

"ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு" என்று சும்மாவா சொன்னார்கள். சாம்பல் எரியாது, வாஸ்லினில் குழைத்தால் பசைதானே என்று அவளுக்குத் தோன்றியது. அன்ரி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தா. சாமி அறைக்குள் ஓடினாள். திருநீற்றுச் சட்டி வெறுமை. மேல் தட்டில், படங்களுக்குப் பின்னால், வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பால்மாத் தகர ரின் இருந்தது. திறந்தாள். உள்ளே சாம்பல். நல்ல காலம், அன்ரி திருநீறு கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறா என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு ஒரு தேக்கரண்டி எடுத்தாள். கொஞ்சம் நறநறவென்று இருந்தது. துணியில் சலித்துக் குழைத்துப் பூசினாள்.

12:15. கணினி எழும்பியது. 450. வேலையைத் தொடக்கினாள். படம் மேலிருந்து கீழே, வரி வரியாக வரத் தொடங்கியது. 3:55க்கு முடியும். தண்ணீர் குடிக்கக்கூட எழும்பாமல் கதிரையில் குந்தியிருந்தாள்.

திரையின் மூலையில் இருந்த மணி 4:40 என்று காட்டியது. திருத்தினாள். 1:05க்குப் பார்த்தாள். மறுபடி 4:40. பற்றரி பிழை போல என்று சலித்துக்கொண்டாள்.

1:30க்குக் காற்றாடிக் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. சுடாதது நல்லதுதான். ஆனால் அது குளிர்ந்து கிடந்தது. குளத்துக் கல்லைப் போல ஈரமாய்க் குளிர்ந்தது.

2:20க்குச் சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து... ஹ்ஹ்ம்... ஹ்ஹ்ம்... பிறகு நீளமாக ஒரு இழுவை. காற்றாடியில் ஏதோ உரசுகிறது என்று குனிந்து பார்த்தாள். காற்றாடி சுற்றவில்லை.

குசினி அடுப்படியிலிருந்து கமலாட்சி அன்ரியின் குரல் வந்தது.

"ஆர் பிள்ளை அங்க இருமுறது?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி. கொம்பியூட்டர்தான்."

"அதுக்கும் சளி தடிமனோ?"

அன்ரி சிரித்தா. சுதாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை.

3:20. கூரை வந்துவிட்டது. யன்னல் வந்துவிட்டது. கதவு வரத் தொடங்கியதும் வேகம் செத்தது. ஒரு வரிக்கு ஒரு நிமிஷம். "ஓடன்... ஓடித் துலையன்!" என்று பல்லைக் கடித்தாள்.

கதவை அவள் பூட்டியபடிதான் கீறியிருந்தாள். திரையில் வந்த கதவு திறந்திருந்தது.

உள்ளே இருட்டு.

4:00. கரண்ட் போனது. மேலே மின்விசிறி நின்றது. பக்கத்து அரிசி ஆலை நின்றது. அன்ரியின் ரேடியோ நின்றது.

கணினி நிற்கவில்லை.

திரை எரிந்தது. வரி... வரியாக... வந்துகொண்டிருந்தது.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிளக் அவள் கையில் இருந்தது.

ஹ்ஹ்ம்... ஹ்ஹ்ம்...

ஓட நினைத்தாள். ஓடினால் அம்மாவுக்கு வீடு இல்லை.

இருட்டின் அடியில்... இரண்டு கால்கள். வெறுங்கால்கள். வாசற்படியில்.

4:40. "சேமிக்கவா?" என்று கேட்டது.

ஓம் என்று அழுத்தினாள். டிஸ்கெட்டில் ஏறியது. இழுத்து எடுத்தாள். திரை அணைந்தது.

சைக்கிளை எப்படி மிதித்தாள் என்று இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இல்லை. 4:56க்குக் கந்தோர். பற்றரியில் ஓடுகிற கணினியில் அதிகாரி படத்தைத் திறந்து பார்த்தார்.

"நல்ல வடிவு. வாசல்ல ஒரு வயசான ஆளை நிப்பாட்டினது இன்னும் நல்லம். இப்பதான் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி நிக்கிறார்."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கமலாட்சி அன்ரி சாமி அறை வாசலில் ரின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"இதை ஏன் பிள்ளை தொட்டனீ?"

"திருநீறு முடிஞ்சுது அன்ரி... கொஞ்சம்..."

"இது திருநீறில்லை. எங்கட அவர்."

கணவர் கதிர்காமநாதன், மாவிட்டபுரத்துக்காரர். ஊரை விட்டு ஓடிவந்த நாளிலிருந்து முட்டு வருத்தம், மூச்சு இழுத்து இழுத்து இருமுவார். செத்து இரண்டு வருஷம். அந்தியேட்டிச் சடங்குக்குச் சாம்பலைத் தன் ஊருக்குப் பக்கத்துக் கீரிமலைக் கடலில்தான் கரைக்கவேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தார். சண்டையால் ஊருக்குப் போகிற பாதை பூட்டிக் கிடந்தது. பாதை திறக்கும் வரைக்கும் என்று ரின்னில் போட்டு வைத்திருந்தா அன்ரி.

"கடைசியா என்ன சொன்னவர், அன்ரி?"

"கதவைத் திற, வீட்டுக்குப் போகவேணும் எண்டு. அவ்வளவுதான். பின்னேரம் நாலு நாற்பது."

இருவரும் சேர்ந்து புரொசசரைக் கழற்றினார்கள், சாம்பலை எடுத்து ரின்னில் போட. பஞ்சு தயாராக இருந்தது. பசை இருக்கவேண்டிய இடம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாகக் கிடந்தது. பிறகு எத்தனை தரம் ஜம்பரை மாற்றியும் அந்தக் கணினி 300க்கு மேல் ஓடவேயில்லை.

நாற்பது வீடும் எழும்பின. பதினேழாம் இலக்க வீட்டுக்குத் தாய் குடிபோன மூன்றாம் நாள், சுதாஜினி பார்க்கப் போனாள். தாய்க்கு வாயெல்லாம் பல். ஒரே ஒரு குறைதான் சொன்னாள்.

"தச்சன் சரியில்லை பிள்ளை. எவ்வளவு கொளுவினாலும் முன்கதவு பின்னேரத்தில தானாத் திறக்குது. பக்கத்து வீடுகளிலயும் அப்பிடித்தானாம். நாற்பதிலயும்."

சுதாஜினி நேரம் கேட்கவில்லை. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலு முப்பத்தொன்பது.