ஒரே போன் நம்பரில் இரண்டு நெஞ்சு

எங்கள் வீட்டில் சமைக்க வருகிறவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது சின்னவர். பெங்களூரில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் அக்காதான். அதற்குமேல் உறவு கொண்டாட யாரும் தயாராக இல்லை என்பது வேறு விஷயம்.

அக்கா இருப்பது மர்பி டவுன். எங்கள் அடுக்ககத்தில் நாலு வீட்டுக்குச் சமையல். போன குளிர்காலத்தில் ஒருநாள், தெருவில் கொடுத்த நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கன்னடத்தில் இருந்தது. அவர் கன்னடம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு வாசகர் ஆனோம். சமுதாயக் கூடத்தில் காசநோய் முகாம். அரசாங்கமே உருவாக்கிய எக்ஸ்ரே கருவி, கையில் பிடிக்கிற கேமரா அளவுதானாம். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, சந்தேகம் இருந்தால் சொல்லிவிடுமாம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்காவுக்கு ஒரு மாதமாக இருமல். எனக்கும்தான், ஆனால் என்னுடையது அலர்ஜி. இந்த ஊரில் படித்தவர்களுக்கு வருவதெல்லாம் அலர்ஜி.

அக்கா தயங்கினார். "ஏதாச்சும் இருக்குதுன்னு வந்துட்டா நாலு வூடும் போயிடும் சார். அப்புறம் நான் எங்க போறது?"

யாருக்கும் தெரியாது, நான் பொறுப்பு என்றேன். அறிவியல் மனப்பான்மை பற்றி வருஷத்துக்கு இரண்டு கட்டுரையாவது எழுதுகிறவன் நான். தைரியம் கொடுக்க நானும் கூட வந்து நெஞ்சைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முகாமில் பெயரும் போன் நம்பரும் கேட்டார்கள். அக்கா வீட்டில் இருப்பது ஒரே போன், அது மகளோடு காலேஜுக்குப் போயிருந்தது. சார் நம்பரையே போட்டுக்கொள்ளச் சொன்னார். அது வழக்கம்தான், கேஸ் முதல் ரேஷன் வரை அவருக்கு வருகிற ஓ.டி.பி. எல்லாம் என் போனுக்குத்தான் வரும். ஆளுக்கு ஒரு டோக்கன் சீட்டு கொடுத்தார்கள். ஒன்றும் இல்லாதவர்களுக்குச் செய்தி வராது, சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் வரும். அதிலும் பெயர் இருக்காது, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலிருக்க டோக்கன் நம்பர் மட்டும்தான் என்று நர்ஸ் விளக்கினார். அரசாங்கத்தின் நாகரிகத்தை மெச்சியபடி, என் சீட்டைக் கையிலிருந்த புத்தகத்தில் அடையாளமாகச் செருகினேன்.

மறுநாள் செய்தி வந்தது. டோக்கன் 42, சளி மாதிரியுடன் சுகாதார நிலையத்துக்கு வரவும்.

"பாவம் அக்கா" என்றேன் மனைவியிடம். மனைவியும் பாவம் என்றாள். இரண்டு இருமல் இருந்த வீட்டில், நோய் யாருடையது என்பதில் இரண்டு பட்டதாரிகளுக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. புத்தகம் மேஜைமேல்தான் கிடந்தது.

அக்காவிடம், நம்பர் எதுவும் சொல்லாமல், பக்குவமாகச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார். சில நாள் ஓய்வெடுக்கச் சொன்னேன். அவர் போனதும் மனைவி அவருடைய டம்ளரையும் தட்டையும் தனியாக ஜன்னலோரம் எடுத்துவைத்தாள். தனி டம்ளரைப் பற்றி நான் மேடையில் பேசியிருக்கிறேன். அன்று பேப்பர் படித்தேன்.

அன்று மாலை லிஃப்டில் கீழ்வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வீட்டில் கைக்குழந்தை. அக்கா அங்கேயும் சமைக்கிறவர். சொன்னேன். வம்புக்கு இல்லை, சமூகப் பொறுப்பு. ராத்திரிக்குள் மற்ற இரண்டு வீட்டுக்கும் சமூகப் பொறுப்பு பரவிவிட்டது.

நாலாம் நாள் அக்கா வந்தார். உள்ளே வரவில்லை, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். சளி கொண்டுபோய்க் கொடுத்தாராம். அதில் ஒன்றுமில்லையாம், தாளிக்கிற புகையாக இருக்கும் என்றார்களாம். பிறகு சீட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

"என்னுது நாப்பத்து மூணு சார். நாப்பத்திரெண்டு யாருன்னு நோட்டுல பார்த்தாங்க. உங்க பேரு இருந்துச்சு. சீக்கிரம் போங்க சார், லேட் பண்ணாதீங்க."

உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். நாற்பத்திரண்டு. அந்தப் பக்கத்துக்குமேல் நான் படித்திருக்கவும் இல்லை.

சுகாதார நிலையத்தில் என் சளியை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதுவும் நம் நாட்டுக் கண்டுபிடிப்புதானாம். அதற்கு அலர்ஜி என்ற வார்த்தையே தெரியவில்லை. ஆறு மாதம் மாத்திரை என்றார் டாக்டர்; முதல் சில வாரம் மாஸ்க்கோடு தனி அறை. மனைவியையும் சோதித்தார்கள், நல்லவேளையாக ஒன்றுமில்லை. மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். அக்கம்பக்கத்துக் கதவுகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மூன்று வீட்டுக்கும் போய், அக்காவுக்கு எதுவுமில்லை, எனக்குத்தான் என்று சொன்னேன். கைக்குழந்தை வீட்டில் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறு ஆள் வைத்தாயிற்று. இரண்டாவது வீட்டிலும் வைத்தாயிற்று. மூன்றாவது வீட்டு அம்மா மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுலதானே சார் அவங்க சமைச்சாங்க?" என்றார். பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினார்.

மாஸ்க் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அக்காவைக் கூப்பிட்டோம். வந்தார். நாலு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு வீட்டுக்கு வந்தார். காபி போட்டுவிட்டு, ஜன்னலோரம் இருந்த டம்ளரைப் பார்த்தார், எடுத்துக் கழுவினார்.

"இது யாருக்கு சார்?"

மனைவி தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு என்றேன். ஊற்றிக் கொடுத்தார். மூன்றாவது வீட்டில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். பார்க்கலாம் என்கிறார்கள் என்றேன்.

அக்கா சாம்பாரைக் கிளறினார். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "மெசின் தப்பா சொல்லல சார். நீங்க சொல்லாம இருந்திருந்தா போதும்."

அவருடைய ஓ.டி.பி. எதுவும் இப்போது என் போனுக்கு வருவதில்லை.