உள்பக்கத் தாழ்ப்பாள்

கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். பொங்கல் முடிந்ததும் எலவனாசூர்கோட்டைப் பக்கமிருந்து கிளம்பினால், வெட்டு ஓயும்வரை கச்சிராயபாளையத்து வயலோரங்களில்தான் ஜாகை. காய்ந்த கரும்பிலையை நாங்கள் சோகை என்போம். அந்தச் சோகையை வேய்ந்து, குனிந்து நுழைகிற மாதிரி குடிசை போட்டுக்கொள்வார்கள். கதவு கிடையாது, பழைய புடவை ஒன்று தொங்கும்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, ஒரு வருஷம் அம்மா குடிசையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கரும்புக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரரின் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டத்துக்கு உதவாத டிராக்டர் டிரெய்லர்கள் மூன்று கிடந்தன. அதில் ஒன்றை வயலோரம் நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டிக் குடியிருப்பது அவள் திட்டம். வெட்டு ஆட்கள் எதைக் கேட்பதானாலும் மேஸ்திரி மூலமாகத்தான் கேட்க வேண்டும். அம்மா அவரைத் தாண்டி நேரே தோட்டக்காரரிடம் போய் நின்றாள். அப்பா பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். தோட்டக்காரர் என்ன நினைத்தாரோ, சிரித்தார்.

"எதுனா ஒண்ண இழுத்துக்கினு போ. வெட்டு முடிஞ்சதும் இங்கியே கொணாந்து வுட்டுடணும்."

முதல் வண்டி பச்சைப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் தாமரை வரைந்து, தேர் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு அதுதான் எங்கள் வீடு என்று முடிவாகிவிட்டது. அம்மா ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டு அப்பாவை வெளியே நிற்க வைத்தாள்.

"எட்டிப் பாருய்யா. நான் தெரியறனா?"

"மூஞ்சி, தோளு எல்லாம் தெரியுது."

"அப்ப இது வாணாம்."

இரண்டாவது பெரியது, நாங்கள் நால்வரும் உருண்டு படுக்கலாம். சுவரும் உயரம்தான். ஆனால் அம்மா உள்ளேயிருந்து பின்கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் தள்ளச் சொன்னாள். கீல் தேய்ந்துபோயிருந்த கதவு அவர் ஒரு கை வைத்ததுமே சாய்ந்துகொடுத்தது. இந்த விளையாட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நானும் ஓடிப்போய்த் தள்ளினேன். பதினைந்து வயது அக்கா மட்டும் விளையாட வராமல் சாமான் மூட்டையின்மேல் உட்கார்ந்து கல்வராயன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது இருப்பதிலேயே சின்னது, துரு ஏறியது. அப்பா எக்கி எக்கிப் பார்த்தும் உள்ளே தெரியவில்லை. தோள் கொடுத்துத் தள்ளியும் கதவு அசையவில்லை.

"இதான்," என்றாள் அம்மா. "உள்பக்கம் ஒரு தாழ்ப்பா மட்டும் வெக்கணும்."

"கரும்பு ஏத்தற வண்டிக்கு உள்பக்கம் தாழ்ப்பா எதுக்குடி? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அன்றைக்கே வெல்டிங் கடைக்காரரைக் கையோடு கூட்டிவந்து, தாழ்ப்பாளை வைக்கச் செய்துவிட்டுத்தான் அம்மா அடுப்பு மூட்டினாள்.

வெட்டு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அக்காவும் நானும் வண்டிக்குள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். அப்பாவும் அம்மாவும் வயலின் அந்தக் கோடியில் இருந்தார்கள். மேஸ்திரியின் குரல் கேட்டது. "பாப்பா, குடிக்கத் தண்ணி குடு."

அக்கா முறத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அவர் கதவைத் தட்டினார். பிறகு தள்ளினார். "அக்கா உள்ளதான் கீது!" என்று நான் உதவியாகக் கத்தினேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

சாயங்காலம் அம்மா வந்ததும், பெரிய மனுஷர் தாகமாக வந்து கேட்டும் அக்கா தண்ணீர் தரவில்லை என்று புகார் சொன்னேன். அக்காவுக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா அக்காவின் தலையை ஒரு தரம் தடவினாள். கையிலிருந்த வெட்டுக்கத்தியைக் கீழே வைக்காமல், இன்னொரு கையில் சொம்புத் தண்ணீரோடு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆட்களெல்லாம் கூடியிருந்த இடத்தில் மேஸ்திரி முன்னால் சொம்பை வைத்தாள்.

"தண்ணி கேட்டியாமே. குடி."

"இன்னாம்மா நீ..."

"குடிய்யா. இனிமே தாகம் எடுத்தா எங்கிட்ட வந்து கேளு. எம் பொண்ணுகிட்ட கேக்காத."

அவர் குடித்தார். அதற்குப் பிறகு எங்கள் வண்டிப் பக்கம் அவர் வரவே இல்லை.

அன்று இருட்டுவதற்குள் பக்கத்துக் குடிசைப் பெண்கள் மூன்று பேர், வயது வந்த தங்கள் பெண்களைப் பாயும் போர்வையுமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா கதவைத் திறந்துவிட்டாள். எனக்குக் கால் நீட்டக்கூட இடமில்லாமல் போயிற்று. பெரிய வண்டியை விட்டுவிட்டு இதைப் பிடித்தாளே என்று அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. மூலையில் முடங்கி அழுதேன்.

கூட்டிவந்த அந்த மூன்று பேரில் ஒருத்திகூட அம்மாவிடம் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எப்படி என்று யோசிக்க எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.