கை என்ன செய்தது?

சுகாதார அலுவலகத்துக்குப் போய்த் துருவல் அக்கா எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளியே மாடியைக் கைகாட்டிவிடுவார். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று முழிப்பார். ஒரு காய்ச்சல் எங்கிருந்து கிளம்பியது, வழியில் யார் யாரைத் தொட்டது என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். துருவித் துருவிக் கேட்டதில் வந்த பெயர் அது. வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ பட்டம் கொடுத்த மாதிரி அதை எடுத்துக்கொண்டாள். தொலைபேசியை எடுத்தாலே "துருவல் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆள் குள்ளம். கழுத்தளவு நரைமுடி, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு பழைய தொங்குபை. பைக்குள் காய்ச்சல் பார்க்கும் கருவி, கையுறை, முகக்கவசம், பிஸ்கட் பொட்டலம், அப்புறம் அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த விசாரணைப் படிவம். நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட அந்தப் படிவத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத் திருப்பிப் போட்டு வெற்றுப் பக்கத்தில்தான் எழுதுவாள். டாக்டர், அதாவது அவளுடைய மேலதிகாரி, ஆரம்பத்தில் குதித்தார். பிறகு பின்பக்கத்தை மட்டும் படிக்கப் பழகிக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துத் தெருவில் விநோதமான காய்ச்சல் வந்தது. படிவத்தின் பதினேழாம் கேள்வி, 'சமீபத்தில் ஏதேனும் விலங்கைத் தொட்டீர்களா?' அக்கா அதை மனப்பாடமாக எல்லோரிடமும் கேட்டாள். எல்லோரும் இல்லை என்றார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒரு பள்ளி ஆசிரியையும் இல்லை என்றுதான் சொன்னாள். மூன்று வாரம் கழித்து ஏதோ பேச்சுவாக்கில் அவளே, "வகுப்புல இருக்கற முயல் கூண்டைத் தினமும் கழுவறேனே, அதனால வந்திருக்குமோ?" என்றாள். இதை ஏன் முன்னாடியே சொல்லலை என்று அக்கா கத்தியதற்கு, "தொட்டீங்களான்னுதானே கேட்டீங்க? நான் சுத்தம்தானே பண்ணேன்" என்று பதில் வந்தது. அந்த மூன்று வாரத்தில் இரண்டு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். பிழைத்துவிட்டார்கள், அதுவரை நல்லது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போன அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதோடு பதினேழாம் கேள்வியை ஓரம் கட்டினாள். தினமும் செய்கிற வேலையை யாரும் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் ஒரே கேள்விதான்: "காலையில எழுந்ததுலேர்ந்து உன் கை என்னென்ன செஞ்சுது? வரிசையா சொல்லு." எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்றால் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள். கையைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். அவள் கணவர் மின்சாரக் கம்பம் ஏறும் ஊழியர். சாயங்காலம் அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் நீட்டி, "இது கம்பியைப் பிடிச்சுது, இது டீ கிளாஸைப் பிடிச்சுது, போதுமா?" என்பார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சலூன்காரர் விவகாரம் வந்து சேர்ந்தது.

கடைத்தெருவில் முடிவெட்டும் மனிதர். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல், திங்கட்கிழமை பிதற்றல், மருத்துவமனையில் சேர்த்ததும் நினைவு தப்பிவிட்டது. வியாழக்கிழமை காலை ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. அவர் உடம்பில் இருந்தது வௌவால்களிடம் குடியிருக்கும் ஒரு வைரஸ். வௌவாலை அது ஒன்றும் செய்யாது. நடுவில் வேறொரு பிராணிக்குத் தாவி, அங்கே பெருகி, அதன் சளியும் எச்சிலும் பட்ட மனிதருக்கு வரும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனதாக இதுவரை எங்கேயும் பதிவில்லை.

டாக்டர் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். ஐந்து குப்பிகள்.

"இந்த ஊசியைக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி போட்டா ஆளைக் காப்பாத்திடலாம். வந்தப்புறம் போட்டு அவ்வளவா பலனில்ல. அந்தப் பிராணி பக்கத்துல வேற யாரு இருந்தாங்கன்னு தெரியணும். பட்ட நாள்லேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள எப்ப வேணாலும் காய்ச்சல் வரும். நமக்கு நாள் இல்ல."

"அவர் மனைவி என்ன சொல்றாங்க சார்?"

"போன்ல கேட்டேன். எங்க வீட்டுல ஒரு பூனைகூட கிடையாதுன்னு சொல்லி வெச்சுட்டாங்க."

"நீங்க பதினேழாவது கேள்வியைக் கேட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பையை எடுத்தாள்.

முன்னால் கடை, பின்னால் வீடு. கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. விஷயம் அதற்குள் பரவிவிட்டது போலிருக்கிறது. அந்தப் பக்கம் நடந்து வந்தவர்கள் கடையை நெருங்கியதும் எதிர்ச் சாரிக்கு மாறினார்கள். உள்ளே இரண்டு சுழல் நாற்காலி, சுவர் நிறையக் கண்ணாடி, சீப்புகளும் கத்தரிகளும் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் ஒரு கண்ணாடி ஜாடி. எல்லாம் பளிச்சென்று இருந்தது. சலூன்காரர் மனைவிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்காத கண். ஆனாலும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

"பூனை நாயெல்லாம் நான் கேக்கப் போறதில்ல" என்றாள் அக்கா, முகக்கவசத்தைச் சரிசெய்தபடி. "போன வாரம் செவ்வாய்க்கிழமை கடை லீவுதானே? அன்னைக்கு எழுந்ததுலேர்ந்து உன் கை என்னென்ன செஞ்சுது? அதை மட்டும் சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு கேள்வியா என்று இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தது, தலை பின்னியது, கதவைப் பூட்டியது, வந்து துண்டெல்லாம் துவைத்தது என்று சொல்லிக்கொண்டே போனாள். "அப்புறம் முடிவெட்டற மிஷினையெல்லாம் மருந்துத் தண்ணில ஊற வெச்சேன்."

"அந்த ஜாடியிலயா?"

"இல்ல, வாளியில."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா அவசரப்படவில்லை. கொல்லைப்புறத்துக்கு நடந்தாள். துவைக்கும் கல்லுக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடி, ஒரு நீல வாளி இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு சாக்கை விலக்கினாள். வாளியின் விளிம்பில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம், துடைப்பக் குச்சி மாதிரி கெட்டி.

"இவ்வளவு கெட்டியா முடி இருக்கற வாடிக்கையாளர் யாரும்மா? நான் பார்க்கணுமே."

புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கையை அக்கா அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு காயம், காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"இது?"

"கிணத்துக் கயிறு இழுத்துடுச்சு."

"இந்தத் தெருவுல கிணறு எங்க இருக்கு?"

அந்தப் பெண் துவைக்கும் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"குதிரைக்கா" என்றாள்.

ஊர் ஓரத்தில் குதிரைச் சவாரி கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. வெயில் காலத்துக்கு முன்னால் குதிரைகளுக்கு உடம்பு முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அந்த வேலையைச் சலூன்காரர் நாலு வருஷமாகச் செய்கிறார், ஊர் கண்ணில் படாமல். குதிரைக்கென்று தனி மிஷின், தனி வாளி. வந்ததும் இரண்டு தடவை குளியல். "ஆனா அதே கையாலதான் நம்ம தாடியையும் எடுக்கறானான்னு ஒருத்தர் கேட்டாப் போதுமேக்கா. மறுநாள்லேர்ந்து ஒரு தலை வராது."

"அன்னைக்கு எந்தக் குதிரையாவது சீக்கா இருந்துச்சா?"

"ஒரு கறுப்புக் குதிரை. மூக்குல நுரையா வந்துச்சு. ஜலதோஷம்தான்னு குதிரைக்காரர் சொன்னாரு. இவர் கழுத்துல மிஷினை வெச்சதும் அது தலையை ஒரு உதறு உதறிச்சு. இவர் கையெல்லாம் நுரையாயிடுச்சு, மூஞ்சிலயும் தெறிச்சிடுச்சு."

"யாரு மூஞ்சில?"

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ மூஞ்சிலதான். என் மூஞ்சிலதான்."

அக்கா அந்தச் செவ்வாயிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதாம் நாள். கேட்டுக் கொண்டிராமல் கருவியை அவள் நெற்றியில் காட்டினாள். காய்ச்சல் இல்லை. இன்னும் இல்லை.

"கிளம்பு. ஜீப்பை வரச்சொல்றேன். உனக்கு இப்பவே ஊசி போடணும்."

"குதிரைன்னு எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"எழுதாம இருந்தா வர்றேன்."

வேறு யாராவது இருந்தால் சரி என்று தலையாட்டி அவளை ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். அக்காவுக்கும் அந்த ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொல்லி ஒரு வீட்டை விட்டு வெளியே வந்த பழக்கம் அவளுக்கு இல்லை. கோபமும் சேர்ந்துகொண்டது.

"அங்க குதிரைக்குத் தண்ணி காட்டறவர் இருப்பாரு, தீவனம் வைக்கறவர் இருப்பாரு. உனக்கு ஓடற நாள்தானே அவங்களுக்கும் ஓடுது? நான் எழுதலைன்னா அவங்களை யார் போய்ப் பார்க்கறது? கடை போனா இன்னொரு கடை போடலாம். நீ போயிட்டா, உன் வீட்டுக்காரர் கண்ணு முழிச்சதும் யாரைத் தேடுவாரு?"

அந்தப் பெண் அழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"இது மனுஷங்ககிட்டேர்ந்து ஒட்டாதுன்னு டாக்டர் போன்ல சொன்னாரு. கடையைத் தொறந்தா நீங்க வந்து எங்க நாற்காலில உட்காருவீங்களா?"

"உட்காருவேன்."

"நிஜமாவா?"

"முதல் தலை என் தலைதான். போதுமா? எழுந்திரு."

பன்னிரண்டு மணிக்குள் அவளுக்கு ஊசி போட்டாயிற்று. மத்தியானமே அக்காவும் ஒரு கால்நடை மருத்துவரும் குதிரை லாயத்தில் நின்றார்கள். கறுப்புக் குதிரை செத்து, சத்தமில்லாமல் புதைத்தும் முடிந்திருந்தது. தீவனத் தொட்டிக்கு நேர் மேலே ஒரு பெரிய பழ மரம், கிளை கிளையாக வௌவால்கள், தொட்டிக்குள் பாதி கடித்த பழங்கள். கால்நடை மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். குதிரைக்காரருக்கும் அவருடைய உதவியாளருக்கும் அன்றே ஊசி. மூன்று பேரில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இரண்டு வாரம் முடிகிற வரைக்கும் அக்கா தினம் இரண்டு வேளை போய் நெற்றியைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசி நாள் அலுவலகம் திரும்பி, படிவத்தின் பின்பக்கத்தை டாக்டரின் மேஜையில் டப்பென்று வைத்தாள். அவ்வளவு கர்வத்தோடு அவள் எதையும் வைத்ததில்லை.

சலூன்காரரும் கண் விழித்தார். வீட்டுக்கும் வந்துவிட்டார். ஆனால் வலது கை நடுங்கியது. சரியாகும், நாளாகும் என்றார்கள். கணவர் பக்கத்தில் நின்று பதினைந்து வருஷம் பார்த்த வேலைதான் என்று மனைவியே கத்தரியை எடுத்தாள். கடையை மறுபடி திறக்கும் தேதியை அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

இது மனிதரிடமிருந்து தொற்றாது என்று அக்கா அந்தத் தெருவில் இருநூறு வீட்டுக்குச் சொல்லியிருந்தாள். கடைச் சுவரிலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஜனங்கள் நின்று படித்தார்கள். படித்துவிட்டு எதிர்ச் சாரிக்குப் போனார்கள்.

அந்த நாள் காலை பத்தரை மணிக்கு அக்கா கடைக்குள் நுழைந்தாள். 'ஆண்களுக்கு மட்டும்' என்ற பலகையை ஒரு முறை பார்த்து, "எனக்கு மீசைதான் பாக்கி" என்றாள். முதல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த சலூன்காரர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கையில் ஒன்று ஆடியது. எதிர்க் கடைகளில் வியாபாரம் நின்று, எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது.

மனைவி வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். ஈரச் சீப்பால் வாரி, கழுத்துக்குப் பின்னால் கத்தரியை ஓட்டினாள். கை அசையாமல் இருந்தது.

"அக்கா, காலையிலேர்ந்து உங்க கை என்னென்ன செஞ்சுது?"

அக்கா சிரித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "என் கேள்வியை எனக்கேவா? சரி, கேட்டுக்கோ. அடுப்பைப் பத்தவெச்சுது. வீட்டுக்காரர் தொலைச்ச கண்ணாடியை அவர் சட்டைப் பையிலேர்ந்தே எடுத்துக் குடுத்துச்சு. பஸ்ல கம்பியைப் பிடிச்சுது. ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுச்சு. அப்புறம் இங்க வந்து இந்த நாற்காலியைப் பிடிச்சு ஏறிச்சு. அவ்வளவுதான்."

கத்தரி நின்றது.

"நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சேக்கா."

அக்காவின் சிரிப்பு அடங்கியது. துணிக்குள் இருந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. ஒரு வார்த்தையில் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவள் இதுவரை பொய் சொல்லவில்லை.

"எதிர்ல பாத்திரக் கடை வாசல்ல நின்னேன். பத்து நிமிஷம். பை வாரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்" என்றாள். "எல்லாம் தெரிஞ்சும் பயமா இருந்துச்சும்மா."

"தெரியும்க்கா. கண்ணாடியில பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

அந்தப் பெண் அக்காவின் தலையை இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்து முன்னால் சாய்த்தாள்.

"அதான் வந்துட்டீங்களே. கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, பின்னாடி ஏத்த இறக்கமா இருக்கு."